மேற்கோள் எங்கே, ஏது எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

(மெய்யியலை மாணவர்களுக்குக் கற்பிப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு, கல்லூரியில் அப்பாடத்தைக் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் இவ்விதழில் பதிலளிக்கிறார்.)

கேள்வி: அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பதினோராம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளையை மெய்யியலுக்கென ஒதுக்கிக்கொள்ளத் தலைமையாசிரியர் இசைவு தந்தார். முதல் நாள் "தத்துவம் என்றால் என்ன?" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, சாக்ரடீஸ், பிளேட்டோ, சங்கரர், இராமானுசர் என்று பெயர்களையும் காலத்தையும் சொல்லிக்கொண்டே போனேன். கால்மணி நேரத்தில் ஒரு மாணவன் எழுந்து, "இது பரீட்சைக்கு வருமா, மிஸ்?" என்று கேட்டான். நான் எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?
– தமிழாசிரியை, விருத்தாசலம்

பதில்: அந்த மாணவன் மேல் வருத்தப்படாதீர்கள். பெயரும் காலமும் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வேண்டியவை என்பதைப் பத்தாண்டுப் பள்ளி வாழ்க்கை அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது; அவன் கேட்டது அந்தப் பாடத்தின் பயன்.

"தத்துவம்" என்ற சொல்லிலிருந்து தொடங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வானொலியில் "தத்துவப் பாடல்கள்" என்று ஒரு வகை இருக்கிறது. வாழ்க்கை நிலையற்றது, உறவுகள் பொய் என்று சோகமாகப் பாடுவது தத்துவம் என்று பலரும் அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சைவ சித்தாந்தம் படித்த பெரியவர் ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால் அவர் முப்பத்தாறு தத்துவங்களை எண்ணத் தொடங்குவார். வகுப்பில் உள்ளவர்களோ "தத்துவம் பேசாதே" என்று வீட்டில் அதட்டல் வாங்கியவர்கள். இத்தனை பொருளையும் துடைத்துவிட்டு இலக்கணம் சொல்ல முயல்வதைவிட, முதல் நாள் அந்தச் சொல்லையே எடுக்காமல் இருப்பது நல்லது.

தாங்கள் தமிழாசிரியை என்பதால் மணிமேகலையிலிருந்தே தொடங்கலாம். சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரத்தில் மாதவன் (தவமுனிவன்) வடிவம் கொண்டு திரியும் மணிமேகலை, அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இறுதியில் வரும் பூதவாதி, கண்ணெதிரே காண்பதைத் தவிர வேறு அளவையை, அதாவது அறியும் வழியை, ஏற்காதவன். அவனிடம் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வகையில் அறிவாய்?

ஒரு பள்ளிக்கு அழைத்திருந்தபோது இந்தக் கேள்வியை ஒரு வகுப்பில் போட்டுப் பார்த்தேன். அதற்குமுன் பூதவாதியின் கட்சியில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். கேள்வி விழுந்ததும் ஒரு மாணவர், "அம்மாவே சொல்லியிருக்கிறார்களே" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "சொன்னதை நம்புவது கண்டதாகுமா?" என்றார். மருத்துவமனைப் பதிவேடு உண்டு என்று ஒருவர் சொல்ல, அதுவும் யாரோ எழுதிய தாள்தானே என்று இன்னொருவர் மடக்கினார். மரபணுச் சோதனை வந்தது. அறிக்கையில் உள்ள எண்களிலிருந்து தாயை முடிவு செய்வது காட்சியா (நேரில் காண்பதா), கருதலா (அனுமானமா) என்று அதன்மேலும் கேள்வி எழுந்தது. "அப்படியானால் என் அம்மா யார் என்று எனக்குத் தெரியாதா?" என்று ஒரு பெண் சற்றுக் கலங்கியே கேட்டார். அதன்பிறகுதான் நான் வாய் திறந்தேன்: ஒன்றை அறிந்திருப்பதும், ஐயத்துக்கே இடமில்லாதபடி அறிந்திருப்பதும் ஒன்றுதானா? மணி அடித்துவிட்டது. தேர்வைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

நான் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். அந்த வகுப்பில், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்த மாணவர் ஒருவர் இருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் அவர் பேசவில்லை. அதுமுதல் நான் பெற்றோரை விட்டுவிட்டு, "உங்கள் பிறந்த நாள் எது? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறேன். அந்த நிகழ்ச்சியில் நீங்கள் நேரில் இருந்தீர்கள். ஆனாலும் கண்ட சாட்சியாக உங்களால் எதுவும் சொல்ல முடியாது. மணிமேகலையின் கேள்வி செய்யும் வேலையை இதுவும் செய்கிறது. அடுத்த வாரம் காட்சி, கருதல், உரை (பிறர் சொல்) என்ற மூன்று அளவைகளின் பெயர்களைச் சொல்லுங்கள். மாணவர்கள் ஏற்கெனவே கையாண்டுவிட்ட கருவிகளுக்குப் பெயர் வைப்பதாக அது அமையும். மனப்பாடச் சுமையாகத் தெரியாது.

கேள்வி: சாக்ரடீஸ் முறையில் கேள்வி கேட்டே கற்பிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நானும் கேட்கிறேன். ஆனால் மாணவர்கள் யோசிப்பதில்லை. என் முகத்தைப் பார்த்து, நான் எதிர்பார்க்கும் விடை எது என்று ஊகிக்கிறார்கள். தவறு எங்கே?
– பட்டதாரி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: தவறு சாக்ரடீஸிடமே பாதி இருக்கிறது. பிளேட்டோவின் மேனோன் உரையாடலில் அவர் ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு, பக்கம் இரண்டு அடி உள்ள சதுரத்தை மண்ணில் வரைகிறார். அதன் பரப்பு நான்கு. இதைப்போல் இருமடங்கு, அதாவது எட்டு, பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? சிறுவன் தயங்காமல் நான்கு அடி என்கிறான். வரைந்து பார்த்தால் பதினாறு வந்துவிடுகிறது. அப்படியானால் மூன்று என்கிறான், ஒன்பது வருகிறது. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை என்று நிற்கிறான். அவன் இப்போது முன்னைவிட நல்ல நிலையில் இருக்கிறான் என்று சாக்ரடீஸ் மேனோனிடம் திரும்பிச் சொல்லும் இடம், ஆசிரியர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய இடம்.

அதற்குப் பிறகு வரும் பகுதியை நான் அவ்வளவாக மெச்சுவதில்லை. மூலைவிட்டத்தைச் சாக்ரடீஸே வரைந்து காட்டி, "அப்படித்தானே?", "இது அதில் பாதிதானே?" என்று கேட்க, சிறுவன் "ஆம்" போட்டுக்கொண்டே போகிறான். கேள்விக்குறி இருப்பதால் மட்டும் ஒரு வாக்கியம் கேள்வி ஆகிவிடாது. தங்கள் வகுப்பில் நடப்பது இந்த இரண்டாம் பாதி என்று நினைக்கிறேன். முதல் பாதியில் அவர் செய்தது வேறு: தவறான விடையைத் தவறு என்று தாம் சொல்லாமல், அதை வரைந்து பார்க்கவைத்து, தவறு அவன் கண்ணுக்கே தெரியும்படி விட்டார்.

முகத்தைப் பார்த்து ஊகிப்பதை நிறுத்த ஒரு வழி, விடை தங்களுக்கே உறுதியாகத் தெரியாத கேள்வியை மட்டும் கேட்பது. இன்னொரு வழி, கேள்வியை மாணவர்களிடமிருந்தே வாங்குவது. அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் என்ற மெய்யியல் பேராசிரியர், கல்லூரிக்கு வந்தபின் சிந்திக்கக் கற்பிப்பது காலங்கடந்த முயற்சி என்று கருதி, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகவே ஒரு கதை எழுதினார். 1974இல் நியூ ஜெர்சியில் மான்ட்கிளேர் அரசுக் கல்லூரியில் இதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். கதையின் ஒரு பகுதியை ஆளுக்குச் சில வரிகளாக உரக்கப் படிக்கிறார்கள். படித்ததில் தங்களுக்குப் புதிராகத் தோன்றியதைப் பிள்ளைகள் கேள்வியாகச் சொல்ல, ஆசிரியர் அதைச் சொன்னவரின் பெயரோடு கரும்பலகையில் எழுதுகிறார். எதை முதலில் விவாதிப்பது என்று வகுப்பே தேர்ந்தெடுக்கிறது. கேள்விக்குப் பக்கத்தில் தன் பெயரைக் காணும் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும் அவசியம் குறைந்துவிடுகிறது. இதைச் செய்ய இறக்குமதிக் கதை தேவையில்லை. ஒரு நாட்டார் கதை போதும்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்கிறான். "விதண்டாவாதம் பண்ணாதே" என்று என் மாமனார் கண்டிக்கிறார். அவனை அடக்கவும் மனமில்லை; பெரியவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை.
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: தங்கள் மாமனார் பயன்படுத்திய சொல், நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபின் நூலார் வகுத்துக் கொடுத்த கலைச்சொல். கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் நோக்கத்தோடு இரு தரப்பும் காரணம் காட்டிப் பேசுவது வாதம். உண்மை எக்கேடு கெட்டாலும் வெல்ல வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாட்டை நிறுவாமல் எதிராளி சொல்வதை மட்டும் உடைத்துக்கொண்டிருப்பது விதண்டை. வழக்கில் நாம் மூன்றாவதன் பெயரை எடுத்துக்கொண்டு, பிடிக்காத கேள்வி அனைத்துக்கும் அதைச் சூட்டிவிட்டோம். பிள்ளைகள் கேட்கும் "ஏன்" பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். வேலையைத் தள்ளிப்போடுவதற்கென்றே கேட்கப்படும் "ஏன்" ஒன்றும் உண்டு என்பதைப் பேரப்பிள்ளைகள் உள்ள எவரும் அறிவார்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை இருக்கிறது: "நீ என்ன நினைக்கிறாய்? அதற்கு என்ன காரணம்?" என்று திருப்பிக் கேளுங்கள். தூங்கப் போவதற்கு முன் பல் ஏன் துலக்க வேண்டும் என்று கேட்கும் பையன், "காலையில் எப்படியும் துலக்கத்தானே போகிறோம்" என்று ஒரு காரணம் சொன்னானென்றால் அவன் வாதத்துக்குள் வந்துவிட்டான். அப்படியானால் நாளை அழுக்காகப் போகும் தட்டை இன்று ஏன் கழுவுகிறோம் என்று நீங்கள் தொடரலாம். "சும்மாதான்" என்றால் பல் துலக்க அனுப்பிவிடுங்கள்.

மாமனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமா, அவன் மறுத்துப் பேசட்டும், ஆனால் மறுப்பதற்கு முன் நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்தியாகும்படி அவன் ஒருமுறை சொல்லிக் காட்ட வேண்டும் என்று விதி வைத்துவிடுவோம்." மறுக்கப்படுவதைவிட, சொன்னது சரியாகக் கேட்கப்படவில்லை என்பதுதான் பெரியவர்களைச் சினமூட்டுகிறது. இந்த விதியால் அதிகம் மாறப்போவது பேரனா, தாத்தாவா என்று என்னால் சொல்ல முடியாது.

விதண்டையையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். எனக்கென்று நிறுவ வேண்டிய கருத்து எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டே பிறர் கருத்துகளைச் சோதித்தவர் பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனர். அந்த உயரத்தைப் பன்னிரண்டு வயதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் மெய்யியல் என்று சொல்வதை இந்தியாவில் தத்துவம் என்கிறார்கள். எது சரி? இலங்கையின் உயர்தர வகுப்பில் "அளவையியலும் (தருக்கம்) விஞ்ஞானமுறையும்" ஒரு பாடமாகவே இருப்பதால், எங்கள் மாணவர்கள் மெய்யியலைப் பயின்றுவிடுகிறார்கள் என்று கொள்ளலாமா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: சொல்லில் உங்கள் பக்கமே நிற்கிறேன். மேலே சொன்ன குழப்பங்கள் மெய்யியல் என்ற சொல்லுக்கு இல்லை. தமிழ்நாட்டிலும் அது புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அளவையியலைப் பள்ளிப் பருவத்திலேயே தமிழில் படிக்கும் வாய்ப்பு உங்கள் மாணவர்களுக்கு இருப்பது, இங்குள்ளவர்கள் பொறாமைப்பட வேண்டிய விடயம்.

ஆனால் இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றே சொல்ல வேண்டும். பறவைகள் யாவும் பறக்கும். தீக்கோழி ஒரு பறவை. ஆகவே தீக்கோழி பறக்கும். இந்த அனுமானம் வாய்ப்பானது, அதாவது முடிவு முறையாகப் பெறப்பட்டது, என்று அளவையியல் சான்றிதழ் கொடுக்கும். முதல் எடுகூற்று (தொடக்கமாக எடுத்துக்கொண்ட கூற்று) உண்மையா என்பது அதன் கவலை அன்று. பறவை என்று எதைச் சொல்கிறோம், பறத்தல் அதன் இலக்கணத்தில் உள்ளதா, பறக்காத ஒன்றைக் கண்டபின் இலக்கணத்தை மாற்றுவதா, அதைப் பறவை அன்று என்று விலக்குவதா என்று கேட்கும்போது மெய்யியல் தொடங்குகிறது. பறவையின் இடத்தில் "மனிதர்", "குடிமகன்" என்ற சொற்களை வைத்துப் பார்த்தால் அக்கேள்வியின் கனம் மாணவர்களுக்குப் புரியும்.

கேள்வி: எதையும் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் கடவுள் நம்பிக்கையை இழந்துவிட மாட்டார்களா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: பழைய அச்சம் இது. கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரம் சாக்ரடீஸ் மேல் சுமத்திய குற்றங்களில் இரண்டு, நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை என்பதும் இளைஞர்களைக் கெடுத்தார் என்பதும். இழக்கவே மாட்டார்கள் என்று நான் உறுதி தந்தால் அது பொய். சிலர் இழக்கலாம், சிலர் காரணம் அறிந்து இறுகப் பற்றலாம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரிடம்தான் எனக்கு அச்சம்.

இதற்கு மாறானவர் ஒருவரைச் சொல்கிறேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் போவதற்கு முன் ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கு மெய்யியல் கற்பித்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மறைப்பணியாளர். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று கிறித்தவ விமர்சகர்கள் சொல்லிவந்த காலம் அது. 1908இல் அவருடைய மாணவர் ஒருவர், அக்குற்றச்சாட்டுக்கு மறுப்பாகவே வேதாந்தத்தின் அறவியலைத் தம் முதுகலை ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்; பேராசிரியர் மனம் புண்படுவாரோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. ஹாக் அந்த ஆய்வேட்டைப் பாராட்டினார். அந்த இருபது வயது மாணவரின் பிறந்த நாளைத்தான் செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். இராதாகிருஷ்ணன் கற்பித்த பாடம் எது என்பது அந்த விழா மேடைகளில் ஏனோ பேசப்படுவதே இல்லை.

கேள்வி: சரியான விடை என்று ஒன்று இல்லாத பாடத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது? நான் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். முதல் விடைத்தாள் கட்டு மேசைமேல் இருக்கிறது.
– உதவிப் பேராசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்கள் மெய்யியலுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறார்கள், ஆண்டுதோறும் 20க்கு மதிப்பெண் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே முடியாத காரியம் அன்று.

ஒரு பழைய தமிழ் வழக்கம் இதற்குக் கைகொடுக்கும். மெய்கண்டார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களையும் விளக்குகையில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்துக்கொள்கிறார். அங்கே மேற்கோள் என்பது நிறுவுவதற்காகத் தான் மேற்கொண்ட கருத்து; ஏது அதற்கான காரணம். இன்று நாமோ பிறர் சொன்னதை எடுத்து எழுதுவதற்கு மேற்கோள் என்று பெயர் வைத்துவிட்டோம். சொல்லின் பொருள் மாறியதோடு மாணவர்களின் பழக்கமும் மாறிவிட்டதோ என்று விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அவர் மாணவரான அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முதலில் வைத்து, பிற மதத்தார் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுத்தபிறகே தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில்) "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே" என்பதும் ஒன்று. களைவதற்கு முன் மேற்கொள்ள வேண்டும் என்கிற வரிசையைக் கவனியுங்கள்.

நான் கடைப்பிடித்த கணக்கு இது: சொல்ல வந்தது தெளிவாக இருந்தால் 4, அதற்கான ஏதுக்களுக்கு 6, தனக்கு எதிரான வலுவான மறுப்பைத் தானே எடுத்துரைத்தால் 6, அதற்கு விடை சொன்னால் 4. முடிவு எனக்கு உடன்பாடா என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

"பொய் சொல்வது எப்போதும் தவறா?" என்று ஒருமுறை கேட்டிருந்தேன். ஒரு மாணவர் ஐந்து பக்கம் எழுதினார். "பொய்மையும் வாய்மை யிடத்த" என்ற குறளும், அரிச்சந்திரனும், காந்தியடிகளும், கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்ற ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட்டும் வரிசையாக வந்தார்கள். இவர்கள் ஒருவரோடொருவர் முரண்படுகிறார்கள் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. சில வேளைகளில் பொய் சொல்லலாம் என்று முடித்திருந்தார். ஒரு மாணவி ஒன்றேகால் பக்கம்தான் எழுதியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் அழைக்காத நாட்களிலும், அவன் அழைத்து நலம் விசாரித்ததாகப் பாட்டியிடம் சொல்லிவருகிறார். அதனால் பாட்டி சாப்பிடுகிறார். இது ஏன் தவறில்லை என்று இரண்டு காரணம் சொல்லிவிட்டு, "பாட்டிக்கு ஒருநாள் தெரிந்துவிட்டால், அண்ணன் உண்மையாகவே அழைத்த நாட்களையும் அவர் நம்ப முடியாமல் போகும், அந்த நாட்களையும் நான் பறித்துவிட்டவள் ஆவேன்" என்று தம்மையே மறுத்து எழுதியிருந்தார். அந்த மறுப்புக்கு அவரிடம் முழு விடை இல்லை. அவருக்கு 16, ஐந்து பக்கத்துக்கு 7.

ஐந்து பக்கம் எழுதியவர் தாளோடு என் அறைக்கு வந்தார். "இருவர் முடிவும் ஒன்றுதானே, ஐயா?" என்று கேட்டார், நியாயமான கேள்விதான். அவரிடமே பேனாவைக் கொடுத்து, அவருடைய கருத்து எந்த வரியில் இருக்கிறது, அதற்கான காரணம் எந்த வரியில் இருக்கிறது என்று கோடிடச் சொன்னேன். கருத்தைக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தார். காரணத்தைத் தேடி முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் படித்துக்கொண்டே வந்தவர், மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "எழுதி எடுத்து வருகிறேன், ஐயா" என்று போனார். அடுத்த வாரம் ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தார். காண்ட் சொல்வதைத் தன்னால் ஏன் ஏற்க முடியவில்லை என்பது மட்டும் அதில் இருந்தது. 10 போட்டேன், தன்னை மறுக்கும் பகுதியை அவர் இன்னும் எழுதியிருக்கவில்லை.